தம்புராவைக் குறை சொன்னவன்

என் மனைவி என்னை விட்டுப் போய்விட்டாள்.

வெகுதூரம் இல்லை. சோபாவின் அந்த ஓரம் வரைக்கும்தான். நடுவில் ஒரு தலையணை. அவள் காதில் இரண்டு கறுப்புக் குமிழ்கள், கையில் கைபேசி. கண் மூடியிருக்கும். உதடு மட்டும் அசையும். பக்கத்தில் இருக்கிற மனிதன் இருமினாலும், தும்மினாலும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாலும், பாட்டு முடிகிறவரை அவன் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மாலை ஆறரையிலிருந்து ஏழரை வரை அந்த ஒரு மணி நேரம் இருபத்தாறு வருடங்களாக எங்களுடையது. அவள் பேசுவாள், நான் 'ம்' போடுவேன். அவள் கொஞ்சம் நிறுத்தி என் 'ம்'முக்குக் காத்திருந்து, அது வந்ததும் மேலே போவாள். ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சொத்து. எனக்கு அந்த 'ம்'.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவள் இணையத்தில் ஒரு குழுவில் சேர்ந்தாள். 'காது கொடுத்தவர்கள்' என்று பெயர். சாஸ்திரிய சங்கீதத்தில் பைத்தியமாக இருக்கிறவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அங்கே யாரும் சொந்தப் பெயரில் வரக் கூடாது. பாட்டைத்தான் பேச வேண்டும், ஆளைப் பேசக் கூடாது என்பது விதி. ஒருவர் பாடியோ வாசித்தோ பதிவுசெய்து போடுவார். மற்றவர்கள் தங்கள் காதில் விழுந்ததை எழுதுவார்கள். என் மனைவிக்கு அங்கே 'அடுக்களை' என்று பெயர்.

ஒருநாள் குமிழைக் கழற்றிவிட்டுத் தானாகச் சிரித்துக்கொண்டாள்.

"என்ன சிரிப்பு?"

"ஒன்றரைக் கட்டை எழுதியிருக்கார்."

"ஆளோட பேரே கட்டையா?"

"அது சுருதிங்க. அவர் பாடற சுருதி ஒன்றரைக் கட்டை."

"நான் விறகுக் கடைக்காரர்னு நினைச்சேன்."

"நீங்க அப்படித்தான் நினைப்பீங்க."

"அப்படி என்ன எழுதிட்டார்?"

"'நேற்றுக் கல்யாணி பாடும்போது மேலே தொடுகிற இடத்தில் ஒரு கணம் நின்றீர்களே, அந்தக் கணம் முழுக்க நான் மூச்சு விடவில்லை.'"

"விடாமலே இருந்திருக்கலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அது சரி, நேத்து நீ பாடினியா? எப்ப?"

"நீங்க குளிக்கப் போனப்ப."

"என்கிட்ட சொல்லவே இல்லை?"

"குளிக்கிற ஆளைக் கூப்பிட்டா சொல்லுவாங்க?"

அவளுக்குப் பாட வரும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். எங்கள் வீட்டில் ஒரு பழைய குடை இருக்கிறது என்பது தெரிந்த மாதிரி. எங்கே இருக்கிறது என்று தேடியதில்லை. இப்போது யாரோ ஒருவர் அதை எடுத்து விரித்து, 'அடடா, என்ன நிறம்!' என்கிறார். எனக்கு வயிறு எரிந்தது. தண்ணீர் குடித்தேன். தண்ணீரும் சூடாயிற்று.

நான் பொறாமைக்காரன் இல்லை. அப்படி ஒரு வாய்ப்பு அதுவரை வராததால் அப்படி நம்பிக்கொண்டிருந்தேன்.

எதிர் வீட்டுத் தையல்காரரிடம் போனேன். அவரிடம் சொன்னால் வெளியே போகாது. வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும்.

"அண்ணே, அந்த ஆளு எந்த ஊரு?"

"தெரியாது."

"என்ன வயசு?"

"தெரியாது."

"பாக்க எப்படி இருப்பாரு?"

"தெரியலையேப்பா. அதுதான் தூக்கம் வரலை."

"அளவெடுக்காம எப்படி அண்ணே வெட்டறது? முதல்ல உள்ள போங்க. நீங்களும் சேருங்க."

"எனக்குச் சங்கீதம் தெரியாதே."

"அங்க இருக்கறவங்களுக்கு மட்டும் தெரியும்னு யாரு சொன்னது? அண்ணிக்குத் தெரியாம வேற பேர்ல போங்க. ஆளைப் பாருங்க. அப்புறம் அவர் வாயை ஒட்டத் தையுங்க."

சரி, உள்ளே நுழைந்து ஒன்றரையை அரையாக்குவது என்று முடிவு செய்தேன்.

அந்தக் குழுவில் சேர ஒரு மனு உண்டு. நான் உண்மையைத் தவிர வேறெதுவும் எழுதவில்லை.

'எத்தனை ஆண்டுகளாகக் கேட்டு வருகிறீர்கள்?' இருபத்தாறு.

'வாய்ப்பாட்டா, வாத்தியமா?' பெரும்பாலும் வாய்ப்பாட்டு. சில நாள் பாத்திரங்கள்.

'கேட்கும்போது இடையில் பேசுவீர்களா?' இதுவரை சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

'விரும்பும் பெயர்?' நாங்கள் குடியிருப்பது மூன்றாம் மாடி. அதையே போட்டேன்.

பத்து நிமிடத்தில் உள்ளே விட்டுவிட்டார்கள். இவ்வளவு சுலபமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

என் உத்தியோகத்தைச் சொல்லவில்லையே. நான் லிஃப்ட் பரிசோதகன். கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டில் ஏறி, இறங்கி, காதைக் கதவில் வைத்துக் கேட்டு, ஓடத் தகுதி உண்டா இல்லையா என்று அறிக்கை எழுதுவேன். சனிக்கிழமைகளில் அந்த அறிக்கைகளை என் மனைவி படித்துப் பிழை திருத்துவாள். எனக்கு ஒரு மோட்டார் அழுகிறதா முனகுகிறதா என்று தெரியும். பாடுகிற மனிதர்கள் விஷயத்தில் அந்த வித்தியாசம் எனக்குப் பிடிபட்டதில்லை.

முதல் வாரம் வாயைத் திறக்கவில்லை. ஒன்றரைக் கட்டை என் மனைவிக்கு எழுதியதையெல்லாம் தேடிப் படித்தேன். 'அடுக்களை அவர்களே, உங்கள் குரலில் மழைக்கு முந்தைய வெளிச்சம்.' 'அடுக்களை அவர்களே, இன்று நீங்கள் பாடவில்லை, என் நாள் தொடங்கவில்லை.' அவருக்கு நாள் தொடங்கவில்லையாம். எனக்கு முடியவே இல்லை.

இரண்டாவது வாரம் அவரே ஒன்று போட்டார். இரண்டு நிமிடம் ஓடியது. மேலே ஒரு வார்த்தை இல்லை. நான் அப்போது ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்டின் மோட்டார் அறையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிரீஸ் வாசனை. ஜன்னல் விளிம்பில் இரண்டு புறாக்கள். கேட்டேன். ஏதோ கம்பி வாத்தியம். 'ஞொய்ங்' என்றது. மறுபடி 'ஞொய்ங்'. இதோ ஆரம்பிக்கப் போகிறார் என்று பார்த்தால், அதே 'ஞொய்ங்'கோடு முடிந்துபோயிற்று. மாட்டினாய் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் எழுதினேன்.

'இரண்டு நிமிடம் கவனித்தேன். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒரே தளத்தில் நின்றுகொண்டு கதவைத் திறந்து திறந்து மூடுகிறது. உள்ளே யாரும் வரக் காணோம். கம்பிகளில் குறை ஏதும் தெரியவில்லை. இருந்தும் பயணம் தொடங்கவில்லை.'

அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன். வெகு நாளைக்குப் பிறகு உப்பு, காரம் எல்லாம் தெரிந்தது.

அரைமணி நேரத்தில் ஒன்றரைக் கட்டையின் பதில் வந்தது.

'ஐயா, வணங்குகிறேன். நான் அனுப்பியது தம்புரா. புதுக் கம்பி மாற்றினேன், சரியாகப் பேசுகிறதா என்று பார்க்க அதை மட்டும் மீட்டி அனுப்பினேன். கம்பிகளில் குறை இல்லை என்று ஒரே தடவை கேட்டுச் சொல்லிவிட்டீர்கள். ஏறாமல் இறங்காமல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதுதானே தம்புராவின் வேலை! உள்ளே வருவது பாடுகிறவர் பாடு. இவ்வளவு அழகாக இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.'

அதன் கீழே கைதட்டல்கள். எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது. ஒருவர் அழுதேவிட்டதாக எழுதியிருந்தார். புறாக்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தன.

அன்றிலிருந்து நான் அங்கே பெரிய மனிதன். யார் எதைப் போட்டாலும் 'மூன்றாம் மாடி என்ன சொல்கிறார்?' என்று கேட்டார்கள். நான் எழுதினேன். 'இறங்கும்போது குலுக்கல் இல்லை. தளத்துக்குச் சமமாக வந்து நின்றது.' உடனே, ஆஹா. 'மேலே போகப் போக ஒரு சின்ன உரசல். எண்ணெய் விட்டால் போதும்.' அந்தப் பாடகர் மூன்று நாள் தொண்டைக்கு வைத்தியம் செய்துகொண்டு நன்றி எழுதினார்.

வெற்றிதான். ஆனால் வீட்டில் வேறு வினை முளைத்தது.

"ஏங்க, குழுவில மூன்றாம் மாடின்னு ஒருத்தர் புதுசா வந்திருக்கார்."

"எவனாவது வேலையத்தவனா இருப்பான்."

"அப்படிச் சொல்லாதீங்க. அவர் எழுதறதைப் படிச்சா ஆள் நல்ல உயரமா இருப்பார்னு தோணுது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"தலை நிறைய முடி இருக்கும்."

நான் தலையைத் தடவுவதைப் பாதியில் நிறுத்தினேன்.

"பொண்டாட்டியை ரொம்பக் கவனிச்சுக்குவார்."

"அது எப்படித் தெரியும்?"

"தம்புராவையே அவ்வளவு கவனிச்சுக் கேட்டவர், கூட இருக்கற மனுஷியைக் கேட்க மாட்டாரா?"

சொல்லிவிட்டுக் குமிழ்களை மாட்டிக்கொண்டாள். முதலில் ஒருவன் மேல்தான் பொறாமை. இப்போது இரண்டு பேர் மேல். அதில் ஒருவன் நான். அவன் மேல்தான் எனக்கு அதிக ஆத்திரம். என் சோற்றைத் தின்றுவிட்டு, என் விரலால் எழுதி, என் மனைவியின் கண்ணில் உயரமாக நிற்கிறான். நான்தான் அவன் என்று சொல்லவும் வழியில்லை. சொன்னால், வேவு பார்க்க வந்தீர்களா என்பாள்.

அவன் பெயரைக் கெடுப்பது என்று தீர்மானித்தேன். யாரோ ஒரு முழு ஆலாபனை போட்டபோது, 'எனக்கு எதுவும் கேட்கவில்லை' என்று எழுதினேன். 'மௌனத்தையும் கேட்கிறார்!' என்று முப்பத்தேழு பேர் கைதட்டினார்கள்.

இப்படி இருக்கும்போது ஒரு மாலை அவள் தலையணையை எடுத்துக் கீழே போட்டுவிட்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது.

"குழுவில எல்லாரும் முதல்முதலா நேர்ல கூடறாங்க. நூலகத்து மாடி மண்டபத்துல. வர ஞாயிறு இல்லை, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணி. நாலு பேர் பாடணும். அதுல நானும் ஒருத்தி."

"யார் யார் வராங்க?"

"எல்லாரும்."

"ஒன்றரை?"

"ஏற்பாடே அவர்தான்."

"உனக்கு முட்டி வலிக்குமே."

"முட்டியாலயா பாடப் போறேன்?"

"கூட்டத்துக்கு முன்னாடி பாடிப் பழக்கம் இல்லையே."

"கல்யாணத்துக்கு முன்னாடி இருந்துச்சு."

மிகச் சாதாரணமாகச் சொன்னாள். கடைக்குப் போனேன், வந்தேன் என்பது போல. எனக்கு அந்த இடத்தில் ஒரு 'ம்' கூட வரவில்லை. ஆனால் பொறாமைக்கு இரக்கம் கிடையாது. குழுவில் கற்றுக்கொண்டதை அவள் மேலேயே பிரயோகித்தேன்.

"தம்புராவுக்கு ஆள்?"

அவள் முகம் வாடிற்று. "அது ஒண்ணுதான் இன்னும் சரியாகலை."

"அப்ப வேண்டாம். ஒரு குறை இருந்தாலும் ஓடத் தகுதி இல்லை. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

அவள் கீழே கிடந்த தலையணையை எடுத்து மறுபடி நடுவில் வைத்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் ஓர் அலுவலகக் கட்டடத்தில், லிஃப்ட் கூண்டுக்குள் நின்றுகொண்டு கைபேசியைப் பார்த்தேன். அடுக்களை எழுதியிருந்தாள்: 'நண்பர்களே, என்னால் பாட முடியாது போலிருக்கிறது. தம்புராவுக்கு ஆள் இல்லை என்று வீட்டில் தடை. மூன்றாம் மாடி அவர்கள் என்ன சொல்கிறார்களோ, அதன்படி செய்கிறேன்.'

நானூற்றுப் பன்னிரண்டு பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். 'வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம்' என்று எழுதினேன். அழித்தேன். அதற்குள் ஒன்றரைக் கட்டை முந்திக்கொண்டார். 'பாவம், அந்த வீட்டுக்காரருக்குக் காது இல்லை போலும். கவலை வேண்டாம், அடுக்களை அவர்களே. உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து நானே தம்புரா மீட்டுகிறேன்.'

பின்னால் உட்கார்ந்து! நானே!

என் விரல்கள் என்னைக் கேட்கவில்லை. 'வீட்டுக்காரருக்குக் காது இருக்கிறது, பயன்பாட்டில்தான் இல்லை. அவரைப் பொருட்படுத்த வேண்டாம். நீங்கள் பாடியே ஆக வேண்டும். தம்புராவுக்கு வேறு யாரும் சிரமப்பட வேண்டியதில்லை. நான் வருகிறேன்.'

கைதட்டல் மழையாகக் கொட்டியது. லிஃப்ட் தரைத் தளத்துக்கு வந்து நின்றது. கதவு திறந்தது. நான் வெளியே வரவில்லை. நான் என்ன எழுதினேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மாலை வீட்டுக்குப் போனால் கூடத்தின் நடுவில் பாய் விரித்திருந்தது. பாயின் மேல் என் உயரத்துக்கு ஒரு தம்புரா.

"கைகால் கழுவிட்டு வாங்க," என்றாள். "நாலு கம்பி. முதல் கம்பிக்கு நடுவிரல், மத்த மூணுக்கும் ஆள்காட்டி விரல். அவசரப்படக் கூடாது."

"என்ன இது?"

"நீங்கதானே வரேன்னு எழுதினீங்க?"

பாயில் உட்கார்ந்தேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"'தளத்துக்குச் சமமாக வந்து நின்றது'ன்னு பாட்டைப் பத்தி எழுதற ஆள் உலகத்துல எத்தனை பேர் இருப்பாங்க? இருபத்தாறு வருஷமா உங்க அறிக்கையைத் திருத்தறது யாரு?"

"அப்ப அந்தத் தம்புரா நாள்லயே தெரிஞ்சுபோச்சா?"

"அதுக்கும் முன்னாடி. குழுவுக்கு வர மனுவையெல்லாம் பாத்து உள்ள விடறதே நான்தான்."

"தெரிஞ்சா ஏன் விட்டே?"

அவள் தம்புராவை நிமிர்த்தி என் மடியில் சாய்த்தாள்.

"இருபத்தாறு வருஷமாக் கேட்கறேன்னு எழுதியிருந்தீங்க. நிஜமாவான்னு பாக்கலாம்னுதான்."

"அப்புறம் ஏன் உயரம், முடின்னெல்லாம் சொன்னே?"

"உங்க முகத்தைப் பாக்கறதுக்கு. நல்லா இருந்துச்சு."

"இந்தத் தம்புரா யாரோடது?"

"மூன்றாம் மாடி யாருன்னு சொன்னேன், ஒன்றரைக் கட்டை உடனே கொடுத்தனுப்பினார். புதுக் கம்பி. குறை ஏதும் இல்லைன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க."

பன்னிரண்டு நாள் பயிற்சி. விரல் நுனி சிவந்தது. அவள் பாடமாட்டாள். சும்மா உட்கார்ந்து நான் மீட்டுவதைக் கேட்டு, "அவசரம்," என்பாள். "இப்பத் தூங்கறீங்க," என்பாள். மாலை ஆறரையிலிருந்து ஏழரை வரை. அந்த ஒரு மணி நேரத்தில் இப்போது 'ம்' போட்டது அவள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மண்டபத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. என்னை வந்து வந்து பார்த்தார்கள். உயரம் குறித்துச் சிலருக்கு ஏமாற்றம் தெரிந்தது. முதல் வரிசையில் நடு நாற்காலியில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். வெள்ளி நிற முடி, நிறைய. கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத சட்டை. அவர்தான் ஒன்றரைக் கட்டை. பல் மருத்துவராம். சிரித்தால் எல்லாப் பல்லும் தெரிந்தது. கிழவராக இருக்க வேண்டும், வழுக்கையாக இருக்க வேண்டும், வாயாடியாக இருக்க வேண்டும் என்றெல்லாம் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. என்னை விட்டுவிட்டு, இரண்டு கையும் கூப்பி என் மனைவியைக் கும்பிட்டார்.

அவள் பாடத் தொடங்கினாள்.

தம்புரா மீட்டுகிறவன் தலையாட்டக் கூடாது, திரும்பக் கூடாது, கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் கூடாது. விரல் நின்றுவிடும். அவளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவள் கொண்டையும் அதில் செருகிய மூன்று ஊசிகளும்தான் தெரிந்தன. அந்தக் கொண்டைக்கு அப்பாலிருந்து ஒரு குரல் எழுந்து, கூரை வரை போய், அங்கே கொஞ்சம் நின்றது. இத்தனை வருடங்கள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நான் மூழ்கடித்த குரல். அது என்ன ராகம் என்று எனக்குத் தெரியவில்லை. நான் மூச்சு விடவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அவள் முகம் அப்போது எப்படி இருந்ததோ. அதை முன்வரிசைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது நிமிடமும் பார்த்தார். தாராளமாகத் தலையாட்டினார்.

பாட்டு முடிந்து எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். ஒன்றரைக் கட்டை மேடைக்கே ஏறி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கை பஞ்சு மாதிரி இருந்தது.

"ஐயா, இப்படி ஒரு தம்புரா நான் கேட்டதே இல்லை. ஒரு இம்மி அசையலை! அடுத்த மாசம் என் கச்சேரி. பின்னால நீங்கதான் உக்காரணும். உங்க வீட்டம்மாகிட்ட அப்பவே கேட்டுட்டேன். தாராளமாக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாங்க."

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் நான் வேகமாக முன்னால் நடந்தேன். அவள் எட்டி நடந்து வந்து சேர்ந்துகொண்டாள். பிறகு என் சிவந்த விரலைப் பிடித்துப் பார்த்து, தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கோவமா?"

"கோவம் என்ன? அவருக்குப் பின்னால தனியா உக்காந்திருக்கணும். அவ்வளவுதானே."

"உங்களைத் தனியா விட்டுடுவேனா? முதல் வரிசையில நடு நாற்காலி எனக்குன்னு இப்பவே சொல்லி வெச்சுட்டேன்."

நெஞ்சில் ஏதோ இளகியது.

"என்னைப் பாக்கவா?"

"உங்களை எப்படிப் பாக்கறது? அவர் மறைப்பாரே."